வெளிநாடு கிளம்பும் முன் பி.எஃப். பென்ஷனை என்ன செய்வது?

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு 2025 அக்டோபர் 13 அன்று பி.எஃப்., பென்ஷன் பணத்தை எடுக்கும் விதிகள் பற்றிச் சில முடிவுகளை எடுத்தது. செய்தி வெளியான நாளிலிருந்து குழப்பம்தான். "இனிமேல் பி.எஃப். பணத்தை எடுக்கவே முடியாதாம்" என்கிறார்கள் சிலர். "வெளிநாடு போறதா இருந்தா மொத்தத்தையும் வழிச்சு எடுத்துட்டுப் போயிடுங்க" என்கிறார்கள் வேறு சிலர். திருப்பூரில் பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர்கள், கோவையில் பம்ப், பவுண்டரி, சாப்ட்வேர் கம்பெனிகளின் இன்ஜினியர்கள், ஈரோட்டிலும் சேலத்திலும் வேலை பார்க்கும் நர்சுகள், ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பும் ஸ்பின்னிங் மில் மேலாளர்கள் என்று கொங்கு மண்டலத்திலிருந்து ஆண்டு முழுவதும் ஆட்கள் வெளிநாடு போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். விசா, டிக்கெட், அட்வான்ஸ் என்று பணம் தேவைப்படும் நேரத்தில் முதலில் கண்ணில் படுவது பி.எஃப். கணக்குதான்.

அதில் பி.எஃப். பகுதியை எடுப்பது ஒரு விஷயம், பென்ஷன் பகுதியை எடுப்பது முற்றிலும் வேறு விஷயம். முதலாவது உங்கள் சேமிப்பு, தேவை என்றால் எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவதை எடுத்தால், போகிற நாட்டில் கிடைக்க வேண்டிய பென்ஷன்கூடக் கைவிட்டுப் போகலாம். எப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ஒரே பிடித்தம், இரண்டு கணக்கு

பேசிக் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 12% உங்களிடம் பிடிக்கிறார்கள். அது முழுக்க உங்கள் பி.எஃப். கணக்குக்குப் போகிறது. கம்பெனியும் 12% போடுகிறது. ஆனால் அது இரண்டாகப் பிரிகிறது. 8.33% தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் 1995-க்கு, அதாவது பென்ஷன் நிதிக்குப் போகிறது. மீதி 3.67% உங்கள் பி.எஃப். கணக்கில் சேர்கிறது.

பென்ஷனுக்கு உச்சவரம்பு உண்டு. 2014 செப்டம்பர் 1 முதல் 15,000 ரூபாய் வரைதான் கணக்கு. அதில் 8.33% என்றால் மாதம் 1,250 ரூபாய். பேசிக் 20,000 ஆக இருந்து கம்பெனி முழு பேசிக்குக்கும் 12% போட்டாலும், அந்த 2,400 ரூபாயில் பென்ஷனுக்குப் போவது 1,250 மட்டுமே.

பாஸ்புக்கைத் திறந்தால் தொழிலாளி பங்கு, நிறுவனப் பங்கு, பென்ஷன் பங்கு என்று மூன்று பத்திகள் இருக்கும். முதல் இரண்டுக்கும் வட்டி ஏறும். மூன்றாவதுக்கு வட்டி இல்லை, ஏனென்றால் அது உங்கள் பெயரில் வளரும் சேமிப்பு அல்ல. எல்லோருடைய பணமும் ஒரே பொது நிதியில் சேர்கிறது. நீங்கள் எத்தனை ஆண்டு சந்தா கட்டினீர்கள் என்பதுதான் உங்கள் உரிமை. இங்கே சொத்து என்பது ரூபாய் அல்ல, சேவைக் காலம்.

அந்த மூன்றாவது பத்தி பூஜ்யமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதன்முறையாக பி.எஃப்.பில் சேர்ந்தபோதே பேசிக் 15,000-க்கு மேல் இருந்தவர்கள் பென்ஷன் திட்டத்தில் உறுப்பினரே அல்ல. கம்பெனியின் 12% முழுவதும் பி.எஃப்.பில்தான் சேரும். சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கம் ஐ.டி. வேலையில் இருக்கும் இளைஞர்களில் பலர் இந்த வகை. அவர்களுக்கு இங்கே காப்பாற்றிக்கொள்ள பென்ஷன் காலம் இல்லை. போகிற நாட்டின் விதிகளை மட்டும் பார்த்தால் போதும்.

பத்து ஆண்டு என்கிற கோடு

மாதப் பென்ஷனுக்கு 10 ஆண்டு சேவை வேண்டும். வயது 58. வேண்டுமானால் 50 முதலே வாங்கலாம், ஆனால் 58-க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4% வெட்டு உண்டு. கணக்கு இதுதான்: கடைசி 60 மாதங்களின் சராசரி பென்ஷன் சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும்.

15,000 ரூபாய்க்கு 10 ஆண்டு என்றால் மாதம் 2,143 ரூபாய். 20 ஆண்டு ஆனவர்களுக்கு 2 ஆண்டு போனஸ் சேர்த்து 22 ஆண்டாகக் கணக்கிடுவார்கள். அது 4,714 ரூபாய் வரும். குறைந்தபட்சப் பென்ஷன் 2014-இலிருந்து 1,000 ரூபாயிலேயே நிற்கிறது. விலைவாசிக்கு ஏற்ற ஆண்டு உயர்வும் கிடையாது. சின்னத் தொகைதான். அதனால்தான் பலரும் "இதுக்கா காத்திருக்கணும்" என்று எடுத்துவிடுகிறார்கள். ஆனால் இந்தச் சேவைக் காலத்தின் மதிப்பு இந்த ரூபாயோடு முடிவதில்லை.

அந்த 10 ஆண்டில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆறு மாதமும் அதற்கு மேலும் உள்ள துண்டுக் காலத்தை முழு ஆண்டாக எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் 9 ஆண்டு 6 மாதம் முடித்தவர் 10 ஆண்டுக்காரர். 9 ஆண்டு 2 மாதத்தில் ராஜினாமா கடிதம் எழுத உட்காருகிறவர் முதலில் செய்ய வேண்டியது, சேரும் தேதியை நான்கு மாதம் தள்ளிப்போட முடியுமா என்று புது கம்பெனியிடம் கேட்பது. கொஞ்சம் பாதுகாப்பாக ஐந்தாறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளமில்லாத விடுப்பு எடுத்த நாட்கள் சந்தா இல்லாத நாட்களாகப் பதிவாகி, காலத்திலிருந்து கழிந்துவிடும்.

பத்துக்குக் கீழே இருப்பவர்களின் இரண்டு வழிகள்

10 ஆண்டு முடித்தவர் பென்ஷன் பகுதியை மொத்தமாக எடுக்க விதியே இல்லை. முடிக்காதவருக்கு இரண்டு வழி இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே படிவம்தான், 10சி. டிக் செய்யும் இடம்தான் வேறு.

1. பணமாக எடுத்துக்கொள்வது. சேவைக் காலத்தைப் பொறுத்து ஓர் அட்டவணைப்படி மொத்தத் தொகை தருவார்கள். வரம்புச் சம்பளமான 15,000-இல் 7 ஆண்டு கட்டியவருக்குக் கிடைப்பது, கட்டிய 1,05,000 ரூபாயை ஒட்டியே இருக்கும். வாங்கியதும் அந்த 7 ஆண்டும் அழிந்துவிடும். திரும்பி வந்து இங்கே வேலையில் சேர்ந்தால் பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும்.

2. ஸ்கீம் சர்டிபிகேட் வாங்குவது. இத்தனை ஆண்டு, இவ்வளவு சம்பளத்தில் பென்ஷன் சந்தா கட்டியிருக்கிறார் என்று பி.எஃப். அலுவலகம் தரும் சான்று அது. பணம் வராது, காலம் அப்படியே நிற்கும். பின்னால் இந்தியாவில் வேலைக்குச் சேர்ந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

அக்டோபர் முடிவு இங்கேதான் வருகிறது. வேலையை விட்ட பின் பி.எஃப்.பை முழுவதுமாக முடித்து வாங்கக் காத்திருக்கும் காலத்தை 2 மாதத்திலிருந்து 12 மாதமாகவும், பென்ஷன் பகுதியைப் பணமாக எடுக்கக் காத்திருக்கும் காலத்தை 2 மாதத்திலிருந்து 36 மாதமாகவும் ஆக்குவது என்று குழு முடிவெடுத்தது. பி.எஃப்.பில் 75% வரை உடனே எடுக்கலாம், இந்தியாவை விட்டு நிரந்தரமாகப் போகிறவர்கள் முழுத் தொகையும் எடுக்கலாம் என்று தொழிலாளர் அமைச்சகம் பின்னர் விளக்கியது. ஆக, "எடுக்கவே முடியாது" என்ற பேச்சு தவறு. பென்ஷன் பகுதிக்கு 36 மாதம் என்பதும் என் பார்வையில் நல்லதே. அவசரத்தில் 10சி போட்டுவிட்டு, வெளிநாட்டில் நான்கு ஆண்டு கழித்து வருந்துவதை அது கொஞ்சமாவது தடுக்கும்.

போகிற நாடு எந்த வகை?

சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. இரு நாடுகளிலும் வேலை பார்த்தவரின் சந்தாக் காலத்தை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று இரு அரசுகளும் செய்துகொள்ளும் உடன்பாடு அது. இந்தியாவுக்கு முதலில் நடைமுறைக்கு வந்தது பெல்ஜியத்துடன், 2009-இல். இன்று பிரான்ஸ், நெதர்லாந்து, டென்மார்க், ஸ்வீடன், பின்லாந்து, நார்வே, ஆஸ்திரியா, செக் குடியரசு, ஹங்கேரி, போர்ச்சுகல், தென் கொரியா, கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான் எனப் பட்டியல் நீள்கிறது. ஜெர்மனியுடனான விரிவான ஒப்பந்தம் 2017 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. எல்லா ஒப்பந்தமும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. உங்கள் நாட்டின் ஒப்பந்தத்தைத் தனியாகப் படித்தாக வேண்டும்.

*ஒப்பந்தம் உள்ள நாடு.* இங்கே முக்கியமானது காலக் கூட்டல். ஒரு நாட்டில் குறைந்தபட்ச ஆண்டு நிறையாவிட்டால், மறு நாட்டின் ஆண்டுகளையும் சேர்த்துத் தகுதியைப் பார்ப்பார்கள். பணத்தைச் சேர்ப்பதில்லை. ஒவ்வொரு நாடும் தன்னிடம் கட்டிய காலத்துக்கு மட்டும் தன் கணக்குப்படி பென்ஷன் தரும்.

ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். கொங்கு மண்டலத்து மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் இப்போது அதிகம் குறிவைக்கும் நாடு அது. அங்கே முதியோர் பென்ஷனுக்குக் குறைந்தது 60 மாதச் சந்தா வேண்டும். சந்தா சம்பளத்தில் 18.6%. பாதி தொழிலாளி, பாதி நிறுவனம். கோவையில் 7 ஆண்டு பென்ஷன் திட்டத்தில் இருந்த ஒருவர், ஜெர்மனியில் 4 ஆண்டு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் 5 ஆண்டு ஆகவில்லை, இந்தியாவில் 10 ஆண்டு ஆகவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பக்கமும் மாதப் பென்ஷன் கிடையாது.

சேர்த்துப் பார்த்தால் 11 ஆண்டு. இரண்டு பக்கமும் தகுதி வந்துவிடுகிறது. இந்தியா தரும் பங்கு 15,000 × 7 ÷ 70, அதாவது மாதம் 1,500 ரூபாய். ஜெர்மனியில் அந்நாட்டுச் சராசரி ஊதியம் வாங்கினால் ஆண்டுக்கு ஒரு புள்ளி. 2025 ஜூலை நிலவரப்படி ஒரு புள்ளிக்கு மாதம் 40.79 யூரோ. நான்கு புள்ளிக்கு 163 யூரோ. யூரோவைத் தோராயமாக 100 ரூபாய் என்று வைத்தாலே மாதம் 16,000 ரூபாய்க்கு மேல். அந்த நாட்டின் பென்ஷன் வயது வரும்போது ஆரம்பித்து ஆயுள் முழுக்க வரும். 1964-க்குப் பின் பிறந்தவர்களுக்கு அந்த வயது 67.

இப்போது அதே ஆள் கிளம்பும் அவசரத்தில் 10சி போட்டு ஒரு லட்சத்துச் சொச்சம் வாங்கிவிட்டார் என்றால் என்ன ஆகும்? இந்தியாவின் 7 ஆண்டு அழிந்துவிட்டது. கூட்டுவதற்கு இங்கிருந்து எதுவும் இல்லை. ஜெர்மனியின் 4 ஆண்டு தனித்து நிற்கிறது, 60 மாதத்தைத் தொடவில்லை. ஒரு படிவத்தில் இட்ட ஒரு டிக் இவ்வளவு தூரம் போகும் என்று பி.எஃப். எடுத்துத் தருகிறேன் என்று அலுவலக வாசலில் நிற்கும் ஏஜெண்ட் சொல்லமாட்டார். அவருக்கு வேண்டியது கமிஷன்.

ஜப்பானில் இதே ஆபத்து அந்தப் பக்கத்திலிருந்தும் வரும். அங்கே பென்ஷனுக்கு 10 ஆண்டு வேண்டும். நாட்டை விட்டுக் கிளம்பிய 2 ஆண்டுக்குள் விண்ணப்பித்தால் மொத்தமாக ஒரு தொகையைத் தருவார்கள். அதை வாங்கினால் ஜப்பான் காலம் அழிந்துவிடும். அப்புறம் கூட்டவும் முடியாது.

*ஒப்பந்தம் இல்லாத நாடு.* அமெரிக்கா, சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள், நம் மில் மேலாளர்கள் போகும் எத்தியோப்பியா, கென்யா, வங்கதேசம் எல்லாம் இந்த வகை. அமெரிக்காவில் பென்ஷனுக்கு 40 கிரெடிட், அதாவது சந்தா கட்டுவதற்குச் சேரும் புள்ளிகள், வேண்டும். ஆண்டுக்கு அதிகபட்சம் 4 என்பதால் குறைந்தது 10 ஆண்டு. ஆறு ஆண்டு எச்-1பி விசாவில் இருந்து சந்தா கட்டிவிட்டுத் திரும்பினால் அதை மட்டும் வைத்துப் பென்ஷன் வாங்க முடியாது, இந்தியக் காலத்தையும் சேர்க்க முடியாது. வளைகுடாவில் வெளிநாட்டுத் தொழிலாளருக்கு அரசுப் பென்ஷன் இல்லை. பணி முடிவில் தரும் கிராஜுவிட்டியோடு சரி. சிங்கப்பூரின் கட்டாயச் சேமிப்பு நிதியான சி.பி.எஃப். அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்களுக்கும்தான்.

இந்த நாடுகளுக்குப் போகிறவர் 10 ஆண்டை இந்திய மண்ணிலேயே முடிக்க வேண்டும். இன்னும் இரண்டு மூன்று ஆண்டுதான் பாக்கி, எப்படியும் திரும்பி வந்து இங்கே வேலை பார்ப்பேன் என்பவருக்கு ஸ்கீம் சர்டிபிகேட்தான் சரி. இரண்டு ஆண்டு மட்டுமே சந்தா கட்டி, குடும்பத்தோடு அமெரிக்காவில் குடியேறப் போகிறவர் பணமாக எடுத்துக்கொண்டால் நான் குறை சொல்லமாட்டேன்.

*இங்கிலாந்து.* நம் நர்சுகள் பலர் போகும் நாடு என்பதால் தனியாகச் சொல்ல வேண்டும். 2025 வர்த்தக ஒப்பந்தத்தோடு பேசி முடித்த இரட்டைச் சந்தா உடன்பாடு, கம்பெனி தற்காலிகமாக அனுப்பும் ஊழியர்கள் இரண்டு நாட்டிலும் கட்டுவதைத் தவிர்ப்பதற்கானது. காலக் கூட்டல் அதில் இல்லை. நேரடியாக அங்கே மருத்துவமனையில் சேரும் நர்சுக்கு அங்கத்திய விதிதான். பென்ஷனுக்குக் குறைந்தது 10 தகுதி ஆண்டு, முழுப் பென்ஷனுக்கு 35. ஓய்வுக்குப் பிறகு இந்தியாவில் வந்து தங்கினால் அந்தப் பென்ஷன் வரும். ஆனால் ஆண்டுதோறும் உயராது, ஆரம்பித்த தொகையிலேயே நின்றுவிடும். கோபியிலோ பொள்ளாச்சியிலோ வீடு கட்டிக் கடைசிக் காலத்தைக் கழிக்க நினைப்பவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

கம்பெனி அனுப்புகிறதா, நீங்களே போகிறீர்களா?

ஒப்பந்த நாட்டுக்கே போனாலும் இந்தக் கேள்விக்கான பதில் எல்லாவற்றையும் மாற்றும். இந்தியக் கம்பெனி தன் சம்பளப் பட்டியலில் வைத்தபடியே உங்களை அனுப்பினால், அங்கே சந்தா கட்டாமல் இங்கேயே தொடரலாம். அதற்குக் காப்பீட்டுச் சான்றிதழ் வேண்டும். கவரேஜ் சர்டிபிகேட் என்று எச்.ஆர். சொல்வது இதைத்தான். கம்பெனி வழியாக பி.எஃப். அமைப்பின் இணையதளத்தில் விண்ணப்பித்து வாங்க வேண்டும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் இந்த விலக்கு 5 ஆண்டு வரை, ஜெர்மனிக்கு 48 மாதம்.

இந்த முறையில் போனால் இந்தியப் பென்ஷன் காலம் தடையில்லாமல் ஓடும். ஆனால் அந்த நாட்டில் ஒரு நாள்கூடக் காலம் சேராது. அங்கத்திய நிறுவனம் நேரடியாக வேலைக்கு எடுத்தால் நிலைமை தலைகீழ். ஆஃபர் லெட்டர் கையில் வந்ததும் சம்பளத்துக்கு அடுத்து பார்க்க வேண்டிய விஷயம் இதுதான்.

கிளம்பும் முன் முடிக்க வேண்டியவை

1. பெயர். பிரச்சினைகளில் பாதி இங்கேதான். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் கிடையாது, இனிஷியல்தான். செந்தில்குமார் என்பவர் பி.எஃப்.பில் "செந்தில்குமார் ஆர்", ஆதாரில் "ஆர் செந்தில்குமார்", பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறி "செந்தில்குமார் ராமசாமி" என்று மூன்று ஆளாக இருப்பார். ஜெர்மனியில் அவர் ராமசாமிதான். முப்பது ஆண்டு கழித்து, இவர்கள் எல்லாம் ஒருவரே என்று இரு நாட்டு அலுவலகங்களுக்கும் நிரூபிக்க வேண்டியிருக்கும். ஊரில் இருக்கும்போதே, கம்பெனியும் நீங்களும் சேர்ந்து தரும் கூட்டு உறுதிமொழி மூலம் பி.எஃப். பதிவை ஆதாரோடும் பாஸ்போர்ட்டோடும் பொருத்திவிடுங்கள். பள்ளிச் சான்றிதழ் வழி வந்த பிறந்த தேதியும் அதில் சேரும்.

2. பழைய கணக்குகள். திருப்பூரில் நான்கு கம்பெனி மாறியவருக்கு நான்கு உறுப்பினர் எண் இருக்கும், சில சமயம் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக ஒன்றே இருக்க வேண்டிய யு.ஏ.என். எண்கூட இரண்டு இருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள். மாற்றாவிட்டால் 9 ஆண்டு என்பது 3, 2, 4 என்று சிதறியே கிடக்கும். சிறிய யூனிட்டுகள் மூடிப்போவது சகஜம். மூடிய பிறகு கையெழுத்துப் போட ஆள் கிடைப்பது கஷ்டம்.

3. வேலை விட்ட தேதி. கம்பெனி பதிவு செய்யாமல் விட்டிருந்தால், கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் பதியலாம்.

4. செல்போன் எண். ஆதாரோடு இணைந்த எண்ணுக்குத்தான் ஓ.டி.பி. வரும். சிம்மைச் சும்மா விட்டால் எண் ரத்தாகி வேறொருவர் கைக்குப் போய்விடும். வீட்டில் யாராவது ரீசார்ஜ் செய்துகொண்டே இருக்க ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள்.

5. வங்கி. வெளிநாடு வாழ் இந்தியர் ஆனதும் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். பி.எஃப்.பில் இணைத்த கணக்கை மூடிவிட்டால் வர வேண்டிய பணம் திரும்பிப் போகும்.

6. நாமினி. கல்யாணத்துக்கு முன் அம்மா அப்பா பெயரைப் போட்டிருந்தால், கல்யாணம் ஆனதும் பி.எஃப்.பில் அந்த நியமனம் செல்லாது. புதிதாகப் பதியுங்கள். 10 ஆண்டு முடித்தவர், வேலையை விட்ட பின் 58-க்குள் இறந்தாலும் குடும்பப் பென்ஷன் உண்டு. அது மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பி.எஃப். பகுதியைப் பொறுத்தவரை ஒரே எச்சரிக்கைதான். நிரந்தரமாக வெளிநாட்டில் குடியேறியவர் 36 மாதத்துக்குள் எடுக்க விண்ணப்பிக்காவிட்டால் கணக்கு செயலற்றதாகி வட்டி நின்றுவிடும். தொடர் சேவை 5 ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் எடுக்கும் தொகைக்கு வரியும் உண்டு.

அரசு ஊழியரும் என்.பி.எஸ். வைத்திருப்பவரும்

அரசு வேலையை ராஜினாமா செய்துவிட்டுப் போவது இதிலிருந்து தனி. பழைய ஓய்வூதிய விதிகளில் உள்ளவர் ராஜினாமா செய்தால் முன் சேவையே பறிபோகும். விருப்ப ஓய்வுக்குத் தகுதி இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1-க்குப் பின் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் வந்தவர்கள் என்பதால் அவர்கள் கணக்கு வேறு. என்.பி.எஸ். எனும் தேசிய ஓய்வூதியத் திட்டக் கணக்கை வெளிநாடு போன பிறகும் தொடரலாம். இந்தியக் குடியுரிமையை விட்டுவிட்டு, வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டையும் வாங்காதவருக்கு மட்டும் கணக்கு முடிக்கப்படும்.

பென்ஷன் வாங்கும் நேரம்

58 வயதில் இந்தியப் பங்குக்குப் படிவம் 10டி. ஒப்பந்த நாட்டின் பங்குக்கு அந்த நாட்டு அலுவலகத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. இந்தியாவில் இதற்கான தொடர்பு அமைப்பு இ.பி.எஃப்.ஓ., அதாவது நம் பி.எஃப். அமைப்புதான். அதன் வழியாகவே விண்ணப்பிக்கலாம். அதற்கு அந்த நாட்டின் காப்பீட்டு எண், ஒவ்வோர் ஆண்டும் அனுப்பும் சந்தாக் கடிதம், வேலைச் சான்று எல்லாம் கையில் இருக்க வேண்டும். இங்கே இருந்து போகும்போது ஸ்கீம் சர்டிபிகேட்டின் அசல், அங்கே இருந்து வரும்போது காப்பீட்டு எண் உள்ள கடிதம். இந்த இரண்டையும் நிலப் பத்திரம் வைக்கும் அதே பீரோவில் வையுங்கள்.

2025 ஜனவரி முதல் பி.எஃப். பென்ஷனை இந்தியாவின் எந்த வங்கிக் கிளையிலும் வாங்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை வாழ்நாள் சான்றிதழ் தர வேண்டும். நவம்பரில்தான் தர வேண்டும் என்பதில்லை, எந்த மாதத்திலும் தரலாம், கொடுத்த நாளிலிருந்து 12 மாதம் செல்லும். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர் அந்த வாரத்திலேயே கொடுத்துவிட்டுப் போகலாம்.